ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அண்ணனுக்கு

வணக்கம். அந்த வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டிக்கு என்ன ஆனது என்று பினாங்கில் என்னைத் தெரிந்த எல்லாரும் கேட்டுவிட்டீர்கள். பெட்டி பழுதாகிச் சூடேறத் தொடங்கியது; அதற்கு மேல் மறுபடி சொல்லத் தெம்பில்லை. குப்பிகள் பிழைத்துவிட்டன, அது போதும்.

முதல் நன்றி எங்கள் ஜாகா அண்ணனுக்கு, இரவுக் காவல் பார்ப்பவருக்கு. அலாரம் கேட்டு என்னைக் கூப்பிட்டது அவர் வேலை என்றே வைத்துக்கொள்வோம். நான் ஈப்போவிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். யாரும் பதறிப்போய்த் திறந்துவிடக் கூடாதென்று, பெட்டிக் கதவை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து, லாட்டரி நம்பர் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். 12.50, மைனஸ் 76 டிகிரி. 1.20, மைனஸ் 73. கடைசி வரி 2.50, மைனஸ் 66. அப்படி எழுதச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

உள்ளே இருந்தவை, டிங்கிக் காய்ச்சலிலிருந்து மீண்டவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிரித்தெடுத்த டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள். அவை எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கின்றன, எவ்வளவு சர்க்கரை எரிக்கின்றன என்பதைத்தான் நான் அளக்கிறேன். சூடேறி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அடிபட்டிருந்தால், செல்லின் களைப்பு வைரஸால் வந்ததா, பெட்டியால் வந்ததா என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சீட்டை வைத்துத்தான் மேற்கொண்டு சோதிக்கத் துணிந்தோம்.

விடியற்காலையில் அண்ணன் தே தாரிக் வாங்கி வந்து, "அப்படி என்னம்மா இருக்கு அதுக்குள்ள?" என்றார். சொன்னேன். சும்மா இருக்கும் டி செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை நிதானமாக எரித்து ஏறக்குறைய 30 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் சக்திக் காசு, எடுத்துக்கொள்ளும். வைரஸைக் கண்டு முடுக்கிவிடப்பட்டால், ஆக்ஸிஜன் இருக்கும்போதே பெரும்பங்குச் சர்க்கரையைப் பாதியில் விட்டுவிடும், அதில் 2தான் மிஞ்சும். "வீணாக்குதே!" என்றார். இல்லை அண்ணே, அதற்கு வேகம் வேண்டும், நாளுக்குப் பல தடவை பிரிந்து பெருக வேண்டும், புது செல் கட்ட அந்தச் சர்க்கரையிலிருந்தே சரக்கு எடுக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்யாண வீட்டுல யாரும்மா விறகுக்குக் கணக்குப் பார்ப்பாங்க?" மூன்று வருடமாக நான் ஸ்லைடு போட்டு விளக்கிய விஷயம் இது.

டி செல்லைக் காவல்காரனோடு ஒப்பிடாத பாடநூல் இல்லை. அந்த உவமை எனக்குச் சலித்துப்போயிருந்தது. இனி கிண்டல் செய்ய மாட்டேன்.

திங்கட்கிழமை ஒரு குப்பியை உருக்கி, செல்களை முடுக்கிவிட்டோம். இன்று காலை, மூன்றாம் நாள், சிவப்பாக இருந்த வளர்ப்புத் திரவம் மஞ்சளாகியிருந்தது. செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கியிருக்கின்றன! அழுதுவிட்டேன்.

உலர்பனி கொடுத்த பக்கத்து ஆய்வகத்தார், இடம் ஒதுக்கிய அக்கா, நாசி கண்டார் பொட்டலத்தோடு வந்த தம்பிகள், ஈப்போவில் தூங்காமல் இருந்த அம்மா, எல்லாருக்கும் நன்றி.

ரத்தம் கொடுத்தவர்களிடம் நடந்ததை நானே சொல்வேன். காய்ச்சல் விட்ட கையோடு, இன்னும் சோர்வு போகாமல் கை நீட்டியவர்கள் அவர்கள். ஒரு குப்பியைக்கூட அலட்சியமாக உருக்க மாட்டேன்.

ஆய்வேட்டில் பேர் போடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "பேரெல்லாம் வேணாம்மா, என் பேனாவைக் கொடுத்துடு" என்றார். பையில்தான் இருக்கிறது அண்ணே, இன்றிரவு தந்துவிடுகிறேன்.