ஆண்டறிக்கை: கொய்யாத் தோட்டத்துக் கல்லறைக்குத் தமிழில் ஒரு பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஜார்ஜ் டவுன் பகுதி உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சந்தா நிலுவை குறைந்திருக்கிறது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் ஒரே வேலைக்குத்தான் போனது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கல்லறைத் தூபிக்குத் தமிழில் ஒரு விளக்கப் பலகை வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம் அல்லவா, அந்த வேலை.

பாரிமுனையில் அன்றாடம் பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கும் அந்தத் தூபி என்னவென்று தெரியாது. கொய்யாத் தோட்டம் என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்ட அந்த இடம், புனித ஜார்ஜ் கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயரின் முதல் இடுகாடு. 1680-இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும், 1688-இல் இறந்த சிறுவன் டேவிட் யேலும் அங்கே இந்தத் தூபியின் கீழ் அடக்கமானார்கள். டேவிட்டின் தந்தை எலிஹு யேல் அப்போது மதராஸின் ஆளுநர்; அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகள் அவர்களுக்கு மறைப்பாகிவிட்டன. பிறகு இடுகாடு அப்புறப்படுத்தப்பட்டது; இந்தத் தூபி தப்பியது. பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதிக்கப்பட்டன. இன்றும் அங்கே அவற்றின் மேல்தான் நடக்கிறோம்.

பலகையின் வாசகத்துக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. முதல் வரைவில் "சென்னையை நிறுவியவர்களின் இடுகாடு" என்றிருந்தது. நான் அதை மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன். 1639-இல் இப்பகுதியை ஆண்ட நாயக்கரிடம் இடம் பெற்ற கம்பெனி அதிகாரிகள் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் சில ஆண்டுகளில் இந்த ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்களுக்கு மொழிபெயர்த்த துபாஷி பேரி திம்மப்பாவும், துணி நெய்தவர்களும், வெளுத்தவர்களும், அலையில் படகு தள்ளியவர்களும் இங்கேயே வாழ்ந்து மடிந்தார்கள். அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் கோட்டையின் பாதுகாப்புக்காக இடிக்கப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போய், பின்னர் தேவராஜ முதலி தெருவில் எழும்பியது. இனி இந்த எல்லைக்குள் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே, "இவ்வூரின் தொடக்க கால ஆங்கிலேயர் இடுகாடு" என்று திருத்தினோம். கல்லறை இல்லாமல் போன தறிக்காரர், படகுக்காரர் அனைவரையும் நினைவுகூரும் ஒரு வரியைக் கீழே சேர்த்தோம்.

அனுமதி கேட்டு உரிய அலுவலகத்துக்கு மூன்று மனுக்கள் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில் வரவில்லை. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அனுமதி கிடைக்கும்வரை சுண்ணாம்பு அடிக்கவோ ஆணி அறையவோ யாரும் முனைய வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கருங்கல் பலகைக்கான செலவை மண்ணடி உறுப்பினர் ஒருவர் ஏற்றிருக்கிறார்.

இந்த யோசனையை முதலில் சொன்ன நம் மூத்த உறுப்பினர், அச்சகத்து ஐயா, தை மாதம் காலமானார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் வாசகத்தின் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். அவர் கையெழுத்துள்ள அந்தத் தாளைச் சங்கக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

வாசகத்தையும், நான்காவது மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஐவர் குழுவையும் பொதுக்குழு இன்றே ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்