கயலுக்கு, ஜூனுக்கு முன்

பாளையங்கோட்டை,
ஏப்ரல் 12

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீ நிற்பதில்லை, "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பி உடனே அழித்திருந்தாய். நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். இந்தக் கடிதம் ஜூன் மாத ஓட்டப் போட்டிக்கான உன் பயிற்சியைப் பற்றியது மட்டும்தான்.

நீ அனுப்பிய அட்டவணையை அச்செடுத்து வைத்துப் படித்தேன். சனி ஐந்து மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் என்று அடுத்தடுத்த நாளில் வைத்திருப்பது சரி. கிலோமீட்டரை விட்டு நேரத்தைக் கணக்கெடுத்திருப்பதும் சரி. ஆனால் இதைப் போட்டுக் கொடுத்தவர் ஏற்றத்தை மட்டும் கூட்டியிருக்கிறார், இறக்கத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்கிற உன் கலிஃபோர்னியா மலைப்பாதைப் போட்டியின் நூறு மைலில், அதாவது 161 கிலோமீட்டரில், நீ ஏறப்போவது சுமார் 5,500 மீட்டர், இறங்கப்போவது 7,000. தோற்பவர்கள் இறக்கத்தில்தான் தோற்கிறார்கள், அதுவும் இறங்கும்போது அல்ல, இறங்கி ஐந்து மணி நேரம் கழித்து.

காரணம் தெரிந்தால்தான் செய்வாய் என்பதால் சொல்கிறேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போதுதான் நார்கள் அறுகின்றன. பழகாத தொடையோடு மூன்று பள்ளத்தாக்கையும் இறங்கி ஏறி 100-வது கிலோமீட்டரில் ஃபாரஸ்ட்ஹில் ஊருக்கு வந்தால், அங்கிருந்து ஆற்றங்கரை வரைக்குமான 25 கிலோமீட்டர், அந்தப் பாதையிலேயே ஓடுவதற்குச் சுகமான பகுதி, நொண்டிக்கொண்டு போகும். பழக்குவது கஷ்டமில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரே ஓட்டத்தில் மொத்தம் 300 மீட்டர் இறக்கத்தில் தொடங்கு. அடுத்த முறை 500, பிறகு 800. மே மாதக் கடைசியில் 1,500 வரை போகலாம். காலடி சிறியதாக, வேகமாக விழட்டும். பின்னால் சாய்ந்து குதிகாலில் பிரேக் போடாதே. ஒருமுறை வலித்துப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கும், அதனால் கடைசிக் கடும் இறக்கம் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். 300-லிருந்து ஒரே தாவலில் 1,500-க்குப் போகாதே. அறுந்த நாரிலிருந்து கசியும் புரதம் ரத்தத்தில் கலந்து எங்கே போய் அடைக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றத்தில் நட. வெட்கப்படாதே. 30 மணி நேரத்துக்குள் முடிக்க சராசரியாக கிலோமீட்டருக்கு 11 நிமிஷம் போதும். தொடக்கத்திலேயே ஆறேழு கிலோமீட்டரில் எமிக்ரண்ட் பாஸ் வரை 775 மீட்டர் ஏற்றம். உச்சி 2,667 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு. விடிகாலை ஐந்து மணிக்கு வந்த உற்சாகத்தில் அங்கே ஓடியவர்கள் பகலில் டெவில்ஸ் தம்ப் ஏற்றத்தின் அடியில் கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். நடைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். வாரம் ஒருநாள் டிரெட்மில்லை 15 சதவீதச் சாய்வில் வைத்து 45 நிமிஷம், கைப்பிடியைப் பிடிக்காமல்.

இனி வலி மாத்திரை. போன மாதம் பேசியபோது "அட்வில் ஒண்ணு போட்டுட்டு முடிச்சேன்" என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அட்வில், ஆலீவ், இங்கே கிடைக்கும் புரூஃபன், டைக்ளோஃபினாக், எல்லாம் ஒரே சாதி. உடம்பில் தண்ணீர் குறைந்து, ரத்தமெல்லாம் காலுக்கும் தோலுக்கும் போய்விட்ட நேரத்தில், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயைத் திறந்து பிடித்திருக்கும் ஒரு பொருளை உடம்பு சுரக்கிறது. இந்த மாத்திரை நிறுத்துவது அதைத்தான். 80 கிலோமீட்டர் ஓடியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், 2017-ல் வந்த ஆய்வு. வெற்று மாத்திரைக்காரர்களில் 34 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் காயம் தெரிந்தது, ஐபுபுரூஃபன்காரர்களில் 52 சதவீதம். இத்தனைக்கும் வலி குறைகிறதா என்றால், உன் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸிலேயே பார்த்திருக்கிறார்கள்: போட்டவருக்கும் போடாதவருக்கும் தசை வலியில் வித்தியாசம் இல்லை. ஒன்றுமில்லாததற்கு ஏன் போட வேண்டும்? மற்றவர்கள் போடுகிறார்கள் என்பாய். மற்றவர்கள் உன் அம்மா வயிற்றில் பிறக்கவில்லை.

தாங்கவே முடியாவிட்டால் டைலினால், அதாவது நம் ஊர் பாராசிட்டமால், அதுவும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு. மாத்திரை கேட்கிற வலி என்றால் அன்றைய ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிற வலி என்று எடுத்துக்கொள்.

தண்ணீர் விஷயத்தில் நீ நேர்மாறாகப் போகிறாய் என்று அண்ணன் சொன்னான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறாயாமே. தாகத்துக்குக் குடி, அதற்கு மேல் வேண்டாம். ஒருநாள் மதியம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பார். இடையில் ஒரு மணி நேரம் ஓடி ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை, குடித்ததையும் கூட்டிக்கொள். நீண்ட ஓட்டத்தில் எடை இரண்டு, மூன்று சதவீதம் குறைவது சரியான கணக்கு. எடை கூடினால்தான் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே போகும், மோதிரம் இறுகும், விரல் உப்பும், தலைவலி, வாந்தி, அதற்குப் பிறகு புத்தி தடுமாறும். அந்தப் போட்டியில் ஒரு காலத்தில் வழிநெடுகத் தராசு வைத்திருந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. உப்பு மாத்திரை விழுங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது, அது பொய். அதிகத் தண்ணீரை உப்பு சரிக்கட்டாது.

சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, வயிறு இடம் கொடுத்தால் 80, 90. ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம்தான் இருக்கும், அட்டையைப் படி. இப்போதே 40-ல் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் ஏற்று, குடலும் பழக வேண்டிய உறுப்புதான். வெயிலில் ரத்தம் தோலுக்குப் போய்விடுவதால் வயிறு வேலையை நிறுத்தும், குமட்டும். அப்போது திணிக்காதே. பத்து நிமிஷம் நட, தொப்பிக்குள்ளும் கழுத்துத் துணியிலும் ஐஸ் வை, குளிர்ந்த பிறகு உப்புத் தொட்ட உருளைக்கிழங்கும் சூப்பும் இறங்கும்.

வெயிலுக்கு உன் ஊரே போதும். ஜூன் முதல் இரண்டு வாரம் ஃபோல்சமில் மதியம் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடு, இல்லையென்றால் ஓட்டம் முடிந்த கையோடு சானா என்கிற வெப்ப அறையில் 20 நிமிஷம். பத்து நாளில் உடம்பு ரத்தத்தின் நீரைக் கூட்டிக்கொள்ளும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். தலை சுற்றினால் உடனே வெளியே வா. சானா நாளில் மாத்திரை கூடவே கூடாது, மற்ற நாளிலும் கூடாது.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் இளஞ்சிவப்பாக வரலாம். காலிச் சிறுநீர்ப் பையின் சுவர்கள் ஒன்றோடொன்று உரசி வருவது, இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் வராது. கடுங்காப்பி நிறத்தில் வந்து, தொடையும் வீங்கி, அளவும் குறைந்தால் அன்றே எமர்ஜென்சி, விடியட்டும் என்று படுக்காதே. மூன்றாவதாக ஒன்று உண்டு. ஓடாத வாரத்திலும் சிவப்பாக வருவது, விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் கனமாக இருப்பது. அது ஓட்டத்தால் வருவதில்லை. அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடாதே, கயல்.

நூறு மைல் ஓடுபவர்கள் போட்டிக்கு முன்னால் ஒரு அடிப்படைக் கணக்கு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இது உனக்காக மட்டும் சொல்வதில்லை, யாராக இருந்தாலும் சொல்வேன். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே., சிறுநீர் முழுப் பரிசோதனை, பி.பி. எப்போது எடுக்கிறாய் என்பது முக்கியம். சனிக்கிழமை ஐந்து மணி நேரம் ஓடிவிட்டு புதன்கிழமை ரத்தம் கொடுத்தால் சி.கே. எக்கச்சக்கமாக இருக்கும், கிரியாட்டினினும் கூடித் தெரியலாம். டாக்டர் பயப்படுவார், இல்லையென்றால் அதைவிட மோசம்: "ஓடுறீங்க, அதான்" என்று உண்மையான விஷயத்தையும் தள்ளிவிடுவார். அதனால் ஒரு வாரம் லேசான நடை மட்டும், முந்தின நாள் கறி அதிகம் வேண்டாம், பிறகு கொடு. பி.பி.யை வீட்டில் காலையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கழித்து ஏழு நாள் எழுது. ஓட்டக்காரியின் நாடி 50 இருக்கும்போது பி.பி. 140 காட்டினால் மெஷின் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பெரிய மாமாவும் அப்படித்தான் நினைத்தார், அவரும் தினம் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர்தான். அப்படியே வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட். வலி கிடையாது, அரை மணி நேரம்.

அண்ணன் அந்த ஸ்கேனை எடுத்துவிட்டான். அவனே உனக்குச் சொன்னானாம், அன்றிலிருந்துதான் நீ சரியாகப் பேசுவதில்லை என்கிறான். அவனுக்கு இல்லை என்றால் உனக்கு இருக்கும் என்று கணக்கில்லை அம்மா. காசை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சுண்டுகிறார்கள். இருந்தாலுமே ஓடக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை, மருந்தும் பி.பி.யும் தண்ணீரும் பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்தபோது வயது 46, அதற்குள் சிறுநீரகம் பாதி போய்விட்டிருந்தது. உனக்கு 33. இந்தப் பதின்மூன்று வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். மே கடைசி நினைவு தின விடுமுறையில் அந்தப் பாதையிலேயே மூன்று நாள் கூட்டாக ஓட விடுகிறார்கள் அல்லவா, அதற்குக் கட்டாயம் போ. முதல் நாள் பள்ளத்தாக்கு, இரண்டாம் நாள் ஃபாரஸ்ட்ஹில்லிலிருந்து ஆற்றங்கரை வரை, மூன்றாம் நாள் போட்டி முடியும் ஆபர்ன் வரை. மூன்று நாளும் வேகம் வேண்டாம், எந்த வளைவில் நிழல் இருக்கிறது, எங்கே கால் வழுக்குகிறது என்று மட்டும் பார்த்து வை. தனியாக விடிகாலையில் அந்தக் காட்டுக்குள் போகாதே, போனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தொட்டால் அரிக்கும் பாய்சன் ஓக் செடியின் இலை மூன்று மூன்றாக இருக்கும், உரசியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுத் தேய், ஷூ லேஸையும் சேர்த்து. இரவுக்கு நெற்றி விளக்கு மட்டும் போதாது, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கல்லின் நிழல் மறைந்து எல்லாம் தட்டையாகத் தெரியும். இடுப்பில் இன்னொன்று கட்டு.

டிசம்பர் குலுக்கலில் உன் பெயர் விழுந்ததை நான் இங்கே ஸ்டேடியத்தில் சொல்லாத ஆளில்லை. காலையில் நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் எமிக்ரண்ட் பாஸ் மனப்பாடம். பள்ளி ஓட்டத்தில் 800 மீட்டரோடு நிறுத்திக்கொண்டவள் நீ, நான் சொல்லி ஒரு நாளும் 1,500-க்கு வந்ததில்லை. இப்போது யாரும் சொல்லாமல் நூறு மைல். சந்தோஷம்தான். அதைக்கூட எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஜூனில் அவன் லீவு போட்டுக்கொண்டு உனக்கு க்ரூவாக வருகிறான். இரண்டாவது ஜோடி ஷூ, ஆறு ஜோடி சாக்ஸ், வாசலின், ஐஸ் பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. வண்டியில் வலி மாத்திரை எதுவும் இருக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். மே முதல் வாரம் உன் அட்டவணையிலேயே லேசான வாரமாக இருக்கிறது, பார்த்தேன். ரத்தம் கொடுக்க அந்த வாரக் கடைசி சரியாக இருக்கும். ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க அங்கே நாளாகுமாம், அதனால் இந்த வாரமே போன் செய்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்கு, எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பாதம் வீங்கும். கால் நகத்தை நாலைந்து நாள் முன்பே வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடு. இடுப்புப் பையின் சின்ன ஜிப்பில் ஒரு மாத்திரைக் குப்பி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டு அங்கே இஞ்சி மிட்டாய் வை.