கல் என்றால் நாளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன், காலையில் நடக்கிறேன். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

போனில் நீ பேசுவது ஒன்றரை நிமிடம். "எல்லாம் ஓகேப்பா, அம்மாகிட்ட குடுங்க." அம்மாவுக்கும் அதே ஓகேதான். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

பேங்க் ஆபீசர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள் நீ. நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று அம்மாவைக் கேள். ஆனால் பீகாரில் தர்பங்கா போய் ஒரு வருஷம் ஆகிறது, கவுண்டரில் யாராவது வாயைத் திறந்தால் இன்னும் பக்கத்து சீட்டைத்தான் பார்க்கிறாயாமே. நீ தம்பியிடம் சொன்னதுதான். இவ்வளவு படித்துவிட்டு இப்படியா?

சரி, திட்டவில்லை. முதலில் இந்தி எண்களைப் பிடி. பேங்கில் பாதிப் பேச்சு எண்தானே. டேட் ஸௌ என்றால் 150, டாயி ஹஜார் என்றால் 2,500. பௌனே என்றால் கால் குறைச்சல். பௌனே தோ ஸௌ 175. ஸாடே என்றால் அரை கூட, ஆனால் மூன்றிலிருந்துதான் அது வரும். 'உன்' என்று ஆரம்பித்தால் ஒன்று குறைச்சல்: உன்தீஸ் 29, உன்தாலீஸ் 39, உனாஸி 79. அதே கணக்கில் 89-க்குப் போனால் விழுவாய், அது நவாஸி. சிரிக்காதே, நம்முடைய தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் என்ன ஒழுங்கில் இருக்கின்றன? சந்தேகம் வந்தால் தாளை நீட்டி எழுதச் சொல். எழுதத் தெரியாதவர் என்றால் நீ எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டு. புரியாமல் மட்டும் தலையாட்டாதே.

இன்னொன்று, புதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதே. நமக்கு ஒரே க, அவர்களுக்கு நாலு. 'காலி' என்று எழுதி வைத்தால் அது வெறும் டப்பாவா, வசவா, கறுப்பா என்று மறுநாள் உனக்கே தெரியாது. நாகரி எழுத்துதான் உனக்குத் தெரியுமே, பிராத்மிக் இந்திப் பரீட்சை பாஸானவள்.

அங்கே பாட்டிமார் பேசுவது இந்தியே இல்லை, மைதிலி. தனி மொழி. 2003-இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்த்தார்கள். லக்னோவிலிருந்து வந்த உன் மேனேஜருக்கும் பாதி புரியாது, கேட்டுப் பார். புரிந்த மாதிரி தலையாட்டாதே, அவ்வளவுதான்.

பிராத்மிக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்து மத்யமாவில் சேர வேண்டிய வருஷம் உன்னை நிறுத்தியது நான். கணக்குக்கு நேரம் போதவில்லை என்றேன். தாத்தா 1965-இல் சிறைக்குப் போன வீடாயிற்றே, அதனால்தான் என்று பெரியப்பா நினைத்தார். நானும் நினைக்க விட்டேன். அது இல்லை. நீ கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாய். எனக்குக் கேட்க முடியவில்லை.

நான் வடக்கே சைட்டில் இருந்த அந்த ஒன்பது மாதம். 1988. கூலி மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, என் பொறுப்பு. ஒருநாள் சாயங்காலம் ஒரு தொழிலாளி வந்து நின்றார். சைக்கிள் சாவியைக் கயிற்றோடு விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வெகுநேரம் பேசினார். நாலைந்து தடவை 'கல்' என்றார். நேற்றுக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான், வினைச்சொல்லை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நேற்று நடந்த ஏதோ கதை என்று நினைத்து "அச்சா, அச்சா" என்றேன். மகளுக்கு உடம்பு முடியவில்லை, நாளையிலிருந்து நாலு நாள் லீவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாலு நாளும் நானே ஆப்சென்ட் போட்டேன். கூலியைப் பிடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை. "ஆப்னே தோ ஹாம் கஹா தா" என்றார். நீங்கள் சரி என்றீர்களே. கையில் அதே சாவி. அந்த ஒரு வாக்கியம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இஞ்சினீயரிடம் போய் என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இந்தி வேண்டாம், அவரிடம் இங்கிலீஷிலேயே சொல்லலாம். சொல்லவில்லை. பத்தாம் நாள், என் அம்மாவுக்கு சீரியஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பத்தா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. தாய்க்காக வேலையை விட்டு வந்த பிள்ளை என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வதை நீ கேட்டிருக்கிறாய்.

என் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்று தம்பியிடம் கேட்டாயாம். ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், ஈசிஜியும் இருக்கிறது. எதற்கென்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் தேதி 2022 என்று இருக்கும், பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மாவிடம் பேசும்போது அப்பத்தா விஷயத்தை எடுக்காதே. அவளுக்கும் தெரியாது.

அன்புடன்,
அப்பா