கதவருகே கைகுலுக்கும் ஆசிரியை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம்தான், ஆனால் இந்த முறை அது நிரபராதி. பத்து நாள் சென்னையில் தங்கை வீட்டில் இருந்துவிட்டேன். வந்து பார்த்தால் உன் உறை கதவிடுக்கில் செருகியபடி இருந்தது. பேரனுக்குப் பெயர் வைத்த செய்தி படித்தேன். நல்ல பெயர். ரயில்வே பாரத்தில் எழுத இடம் போதுமா என்பதுதான் சந்தேகம்.

"உன் தங்கை மகள் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வாத்தியார் ஆகிவிட்டாளாமே, ஆசிரியர் பயிற்சி இல்லாமல் யார் சேர்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வியில் உள்ள சூடு எனக்குப் புரிகிறது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி விடுதியில் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து, பாடம் நடத்த ஹெர்பார்ட் வழியினர் வகுத்த ஐந்து படிகளை உருப்போட்டவர்கள் நாம். பாடக்குறிப்பு நோட்டில் 'ஆசிரியர் செயல்', 'மாணவர் செயல்' என்று கோடு கிழித்தே விரல் தேய்ந்தது. நானும் அதே சூட்டோடுதான் அவள் பள்ளிக்குப் போனேன்.

பள்ளி கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு மண்பாதையில் இருக்கிறது. ருடால்ஃப் ஸ்டைனர் என்கிற ஆஸ்திரியத் தத்துவவாதி வகுத்த வால்டார்ஃப் கல்விமுறையைத் தழுவியது. அவளுக்கு இரண்டாம் வகுப்பு. காலை எட்டரைக்கு அவள் வகுப்பறைக் கதவருகே நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, குனிந்து கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னாள். இருபத்திரண்டு பேர். ஒருவனிடம் மட்டும் கையை விடாமல் இரண்டு விநாடி கூடுதலாக நின்றாள். பிறகு கேட்டேன். "கை சில்லென்று இருந்தது மாமா, ராத்திரி தூங்கியிருக்கமாட்டான்" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' கேட்டு டிக் அடித்தவன் நான். யார் கை சில்லென்று இருந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அதன்பின் மூன்றாம் வாய்ப்பாட்டைக் காலால் தட்டி நடந்தார்கள். மூன்று, ஆறு, ஒன்பதுக்கு மட்டும் ஓங்கி மிதி, மற்றவைக்கு முணுமுணுப்பு. தரை அதிர்ந்தது. பிறகு கதை. நேற்றுச் சொன்ன கதையை இன்று பிள்ளைகள் திருப்பிச் சொல்லவேண்டும். நடுவில் ஓர் இரவு தூக்கம் இருக்கவேண்டும் என்பது இவர்கள் கணக்கு. அதன்பிறகுதான் எழுத்து, படம். பாடப்புத்தகம் கிடையாது. கோடு போடாத வெள்ளை நோட்டில் தேன்மெழுகுக் கட்டிக் கலரால் பிள்ளைகளே எழுதி வரைந்து, அதையே புத்தகமாக ஆக்கிக்கொள்கிறார்கள். கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் ஒரு சிங்கமும் வலையும் எலியும் இருந்தன. முந்தின நாள் மாலை ஏழு மணிவரை உட்கார்ந்து அவள் வரைந்தது. எலி கொஞ்சம் பெருச்சாளி மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

ஏன் இதையெல்லாம் விரிவாக எழுதுகிறேன் என்றால், இந்தப் பெண்ணுக்கு வரையவே வராது. சின்ன வயதில் என் வீட்டில் கோலம் போடச் சொன்னால் அழுவாள். பாட்டும் அப்படியே. இந்த முறையில் ஒரு வகுப்பாசிரியர் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு எட்டாம் வகுப்புவரை அவர்களோடேயே ஏறிப்போகவேண்டும். காலை முதல் இரண்டு மணிநேரம் ஒரே பாடம், மூன்று நான்கு வாரம் தொடர்ந்து. கணக்கு, மொழி, வரலாறு, செடிகொடி எல்லாம் அவர்தான். ஆக எப்படிப்பட்ட ஆள் வந்தாலும் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றின்முன் வந்து நின்றே ஆகவேண்டும். மூன்று கோடை விடுமுறையைப் பயிற்சியில் கழித்திருக்கிறாள். ஈரத் தாளில் வண்ணம் தீட்டுவது, களிமண், புல்லாங்குழல், யூரித்மி என்று பேச்சொலியை உடலசைவாக்கும் ஒரு கலை. முதல் வாரம் யூரித்மி வகுப்பில் சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே ஓடியவள்தான்.

அவளோடு வேலை செய்பவர்களைப் பார்த்தால் ஏதோ ரயில் பெட்டியில் ஏறியது போல இருக்கிறது. ஒருவர் பல் மருத்துவர். ஒருத்தி பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்தவள். ஒருவர் கட்டடக் கலைஞர். மூன்றாம் வகுப்பில் வீடு கட்டுவது ஒரு பாடம் என்பதால், பிள்ளைகளோடு மண் குழைத்து ஒரு ஆள் உயரச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறார். கைவேலை சொல்லித்தருகிற அம்மாள் பதினைந்து வருஷம் கணக்குத் தணிக்கை செய்தவர். ஒரு பையன் பின்னிக்கொண்டிருந்ததைக் கையில் வாங்கிப் பார்த்து, "நாலாவது வரிசையில் ஒன்று குறைகிறதே" என்றார். எண்ணவே இல்லை. வாங்கின கையோடு சொன்னார். பழைய தொழில் விரல் நுனியில் அப்படியே இருக்கிறது.

இது ஏதோ இந்தக் காலத்து நாகரிகம், வேலை சலித்த கம்ப்யூட்டர்காரர்களின் பொழுதுபோக்கு என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய வரலாற்றைப் படித்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். முதல் பள்ளியே அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

1919, ஸ்டுட்கார்ட். போரில் தோற்ற ஜெர்மனி. வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையின் முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ருடால்ஃப் ஸ்டைனரிடம் கேட்கிறார். பெயர்க்காரணம் சிகரெட் கம்பெனிதான், யோசித்துப்பார்! ஊஹ்லாண்ட்ஸ்ஹோஹே என்கிற மேட்டில் இருந்த ஒரு உணவகத்தை வாங்கிப் பள்ளியாக்கினார். வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் பழைய பள்ளிச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஆசிரியர்களைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள இடம் இருந்தது. அந்தச் சந்தில் நுழைந்துதான் ஆள் சேர்த்தார்கள். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பயிற்சி. காலையில் மனிதனைப் பற்றிய விரிவுரை, அடுத்துப் பாடமுறை, பிற்பகலில் பயிலரங்கு. நாக்கைச் சுழற்றும் பேச்சுப் பயிற்சி, ஒவ்வொருவரும் எழுந்து நீதிக்கதை சொல்லிக்காட்டுவது எல்லாம் உண்டு. 7ஆம் தேதி திறப்பு விழா. பன்னிரண்டு ஆசிரியர், எட்டு வகுப்பு, 256 பிள்ளைகள். நமக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள், இவர்களுக்கு இரண்டு வாரம்!

அடுத்த சில வருடங்களில் வந்து சேர்ந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் விந்தையான கூட்டம். ஹெர்பர்ட் ஹான் மொழிகள் படித்தவர், அதே தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். பால் பவுமான் இசைக்காரர். ஓய்கன் கோலிஸ்கோ வியன்னாவிலிருந்து வந்த டாக்டர். பள்ளி மருத்துவராகவும் இருந்துகொண்டு பாடமும் நடத்தினார். இவர்களில் எனக்குப் பிடித்தவர் வால்டர் யோஹன்னஸ் ஸ்டைன். அவரும் வியன்னாக்காரர். கணிதமும் இயற்பியலும் படித்துத் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரை வரலாறும் ஜெர்மன் இலக்கியமும் நடத்தச் சொன்னார் ஸ்டைனர். கணக்கு வாத்தியாரைப் பிடித்து இலக்கியம் நடத்தச் சொன்னால் எப்படி இருக்கும், நம் பள்ளியில் என்னைத் திருவாசகம் நடத்தச் சொன்ன கதைதான்.

ஸ்டைனரே என்ன, ஆசிரியப் பயிற்சி பெற்றவரா? ரயில்வே தந்தி ஊழியரின் மகன், வியன்னா தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். மூளையில் நீர் கோத்து, படிப்பே ஏறாது என்று விடப்பட்ட ஒரு பையனுக்கு வீட்டு வாத்தியாராக ஆறு வருஷம் இருந்தார். பாடத்தை எத்தனை நிமிஷத்தில் நிறுத்தவேண்டும், எதை முன்னே வைக்கவேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பையனிடம்தான் படித்தார். அந்தப் பையன் பிறகு டாக்டரானான். பின்னாளில் ஸ்டைனர் பெர்லினில் தொழிலாளர் கல்விப் பள்ளியிலும் பாடம் எடுத்திருக்கிறார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்து, இரண்டு வருஷம் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். பலகையில் ஒரு மாம்பழம் வரைவேன். "இதைப் பார்த்து வரையுங்கள், சத்தம் கூடாது" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்துவேன். இரண்டு வருஷமும் மாம்பழம். ஒருநாள் ஒரு பெண், "ஐயா, காம்பை இந்தப் பக்கம் திருப்பிப் போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வால்டர் ஸ்டைனுக்குக் கிடைத்த அதே வாய்ப்புதான் எனக்கும் கிடைத்தது. தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் கண்முன் கற்றுக்கொண்டிருக்கலாம். மாம்பழத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் தங்கை மகள் பாட வராத தொண்டையோடு வகுப்பில் பாடுகிறாள். சுருதி விலகுகிறது. பிள்ளைகளுக்கும் தெரிகிறது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் நன்றாகப் பாடுகிறாய் அக்கா என்று ஒரு வாண்டு சான்றிதழ் கொடுத்தானாம். பி.எட்.டில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

முழுக்க மயங்கிவிட்டேன் என்று எண்ணாதே. ஆர்வத்தால் மட்டும் வகுப்பு நடக்காது. பயிற்சியில்லாத இளைஞர் ஒருவர் நான்காம் வகுப்பில் பின்னத்தோடு மல்லாடியதைப் பார்த்துக் கை பரபரத்தது. எழுந்துபோய்ச் சாக்பீஸை வாங்கிக்கொள்ளாமல் இருந்ததே என் தவம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் தகுதித் தேர்வு, பட்டயம் என்று விதிகளும் இருக்கின்றன. அவளும் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்குப் பதிந்து, ராத்திரியில் உட்கார்ந்து அதே 'ஆசிரியர் செயல், மாணவர் செயல்' எழுதுகிறாள். நான் பார்த்து ரசித்தேன். ஸ்டைனரின் மறுபிறவிக் கொள்கை, மனித இனங்களைப் பற்றி அவர் சொன்ன சில அபத்தங்கள் இவற்றையெல்லாம் இங்கே யாரும் சுமக்கவேண்டிய தேவையில்லை. கேட்டேன். "கை குலுக்குவதற்கு அதெல்லாம் வேண்டியதில்லை மாமா" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு உறுத்தியது வேறு. பல் மருத்துவர், தணிக்கையாளர், கட்டடக் கலைஞர் என்று இத்தனை விதமாக வந்திருக்கிறார்களே, சம்பளம் என்ன என்று கேட்டேன். அவள் முன்பு வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு. கணவன் சம்பாதிக்கிறான், வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, அதனால் வரமுடிந்தது. மற்றவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். விதவிதமான தொழில்கள், ஆனால் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். ஸ்டுட்கார்ட்டில் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் சிகரெட் சுற்றியவர்களின் பிள்ளைகள். இங்கே வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தாலே போதும்.

வேறு தெருவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்தான், தச்சர். பத்தாவது முடிக்காதவர். பெரிய பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லித்தருகிறார். ஒரு பெண் கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தாள். உளி சிக்கிச் சிக்கிச் சில்லாகப் பெயர்ந்தது. அவர் எதுவும் பேசவில்லை. அவள் கட்டைவிரலைப் பிடித்து மரத்தின்மேல் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் தடவவிட்டார். எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று அவளே கண்டுபிடித்துக் கட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். சீவல் சுருள் சுருளாக வந்தது. நான் பத்து நாளில் பார்த்த மிகச் சிறந்த பாடம் அதுதான்.

வியாழக்கிழமை மாலை ஆசிரியர் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லாமல், ஒரு குழந்தையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறார்கள். அதில் தச்சர் இல்லை. அவருக்குத் தினக்கூலி, நான்கு மணியோடு முடிந்துவிடும். திரும்பும் வழியில் இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஸ்கூட்டர் ஓட்டினாள். பிறகு, "நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை மாமா" என்றாள். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன ஆகிறது என்று எழுதுகிறேன்.

இனி உன் வேலை. இரண்டாம் வகுப்பில் நீதிக்கதையும் அடியார் கதையும் சொல்வது இவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் வருகிற புனித பிரான்சிஸ், ஓநாய் எல்லாம் தடையில்லாமல் சொல்லிவிட்டாள். தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் எனக்கு முழிதான். நீ தமிழ் ஐயா, பெரிய புராணத்தைத் தலையணையாக வைத்துப் படுப்பவன். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்கிற மாதிரி ஒரு ஐந்தாறு கதை எழுதி அனுப்பு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகுமா? கண்ணப்பரை நான் சொன்னேன். கண்ணைப் பிடுங்குகிற இடத்தில் குழந்தைகள் பயந்துவிடும் என்று தயங்குகிறாள். பயப்படாது என்கிறேன் நான், நம் பாட்டிகள் சொல்லவில்லையா. அந்த இடத்தை எப்படிச் சொன்னார்கள் என்றுதான் எனக்கு மறந்துவிட்டது. உனக்கு நினைவிருந்தால் அதை முதலில் எழுது.

உன் பழைய அறைத்தோழன்,
கும்பகோணம்