கடலோரத்து ஆர்கேட் இயந்திரங்களைக் கழித்துக்கட்டுமுன் ஒரு வேண்டுகோள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இலத்திரனியல் கருவிகளைத் திருத்தும் தொழிலை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருபவன் என்ற முறையில், எங்கள் கடற்கரையோர விடுதிகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் நிற்கும் ஆர்கேட் இயந்திரங்கள், அதாவது திரையைப் பார்த்து விளையாடும் இலத்திரனியல் விளையாட்டு இயந்திரங்கள் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்து சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும் வேளையில், உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் எனக்கு ஒரே முறைப்பாடுதான் வரும்: "அண்ணே, மெஷின் ஓனாகுதில்ல." ஐப்பசியில் பூட்டிவைத்த இயந்திரம், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஓய்ந்து அறையைத் திறக்கும்போது உயிரற்றுக் கிடக்கிறது. உரிமையாளர் இரண்டு நாள் பார்க்கிறார். மூன்றாம் நாள் பழைய இரும்பு வாங்குபவரைக் கூப்பிடுகிறார். அப்படிக் கழித்துக்கட்டப்பட்டவற்றுள் நான் திறந்து பார்த்த பெரும்பாலான இயந்திரங்கள் திருத்தக்கூடியவையாகவே இருந்தன என்பதையும், சிலவற்றைத் திருத்த வந்தவரின் அவசரமே முற்றாகக் கெடுத்துவிட்டது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

1980களில் வந்த ஆர்கேட் இயந்திரங்களில் அந்தந்த விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட சுற்றுப்பலகை இருந்தது. அதைத் தொடுவதற்குச் சாதாரணத் திருத்துநர்கள் தயங்கினார்கள். 2000களில் நிலைமை மாறியது. தைட்டோ நிறுவனம் 2004இல் வெளியிட்ட டைப் எக்ஸ் என்ற ஆர்கேட் கணினி, விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் மென்பொருளில் இயங்கியது. சேகா நிறுவனம் 2005இல் கொண்டுவந்த லிண்ட்பெர்க், திரைக்குப் படம் அனுப்பும் என்விடியா காட்சி அட்டையுடன் லினக்ஸில் இயங்கியது. இத்தகைய இயந்திரத்தின் பின்கதவைத் திறந்தால், பாடசாலைக் கணினிக் கூடத்தில் நாம் கண்ட அதே முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போட்டும், பவர் சப்ளையும், தரவைச் சேமித்துவைக்கும் வட்டான ஹாட் டிஸ்க்கும்தான் தெரியும். அந்தப் பழக்கமான தோற்றமே ஆளை ஏமாற்றிவிடுகிறது. கணினி திருத்தத் தெரிந்த எவரும் துணிந்து கை வைக்கிறார். ஆனால் இந்தக் கணினிக்குக் கீபோட் இல்லை என்பதையும், அழுத்தி இயக்குவதற்கு ஒரு பொத்தான்கூடப் பெரும்பாலும் இல்லை என்பதையும், உள்ளே இருக்கும் விளையாட்டு கடையில் வாங்கித் திரும்பவும் ஏற்றக்கூடிய ஒன்றல்ல என்பதையும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடந்த ஆண்டு நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். உப்புவெளியில் ஒரு விடுதியில், ஒருவர் அமர்ந்து ஓட்டும் கார்ப் பந்தய இயந்திரம் ஒன்று இயங்காமல் நின்றது. எனக்கு முன் வந்து பார்த்த ஒருவர், மதர்போட் போய்விட்டது, இனி அது கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பின்கதவைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தபோது, பவர் சப்ளையின் மின்விசிறிக் கம்பிகளுக்கிடையில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. ஆணித் தலைகளின்மேல் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. மல்ரிமீற்றரின் ஒரு முனையைக் கறுப்பு வயரிலும் மறுமுனையை ஊதா வயரிலும் வைத்தேன். 5 வோல்ற் காட்டியது. ஊதா வயர் என்பது இயந்திரம் ஓய்ந்திருக்கும்போதும் மின் வந்துகொண்டிருக்க வேண்டிய வயர். அதில் 5 வோல்ற் இருந்தால் பவர் சப்ளை முற்றாகச் சாகவில்லை என்று பொருள். அடுத்து, மதர்போட்டின் ஓரத்தில் இயக்கப் பொத்தானுக்கென்று விடப்பட்டிருக்கும் இரண்டு ஊசிகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் இணைத்தேன். விசிறி சுழன்றது.

அப்படியானால் சுவரில் சுவிச்சைப் போட்டபோது ஏன் இயங்கவில்லை? மின் வந்தவுடன் தானாகவே இயங்கு என்ற கட்டளை இத்தகைய இயந்திரங்களின் பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகளில், எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டளையை மதர்போட்டில் உள்ள நாணயம் போன்ற ஒரு சிறிய பற்றரிதான் காத்துவைக்கிறது. சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதையே அந்த எண் சொல்கிறது. அது இறந்தால் பயோஸ் தன் பழைய இயல்புக்குத் திரும்பி, யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருக்கும். இயந்திரத்திலோ பொத்தான் இல்லை. பார்ப்பவருக்கு அது செத்த இயந்திரம்.

விசிறி சுழன்ற பின்னும் திரை கறுப்பாகவே இருந்தது. விடுதி அலுவலகத்தில் இருந்த சாதாரண மொனிற்றரைத் தூக்கிவந்து மாட்டினோம். பழைய ஆர்கேட் திரைகள் சில, வரிகளை வரையும் வேகம் 15 கிலோஹேட்ஸாக இருக்கும் அளவில் மட்டுமே படம் காட்டுவதால், 31 கிலோஹேட்ஸில் வரும் பயோஸ் எழுத்துகளை அவற்றில் காண முடியாது. ஆகவே இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எவரும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பேன். மொனிற்றரில் தெளிவாக எழுதியிருந்தது: சேமித்த அமைப்புகள் பிழையாகிவிட்டன, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தவும். கீபோட் இல்லாத இயந்திரத்தில் அந்த விசையை யார்தான் அழுத்துவது? 3 வோல்ற் இருக்க வேண்டிய பற்றரியில் 1.4 தான் இருந்தது. புதிய பற்றரி ஒன்றைப் போட்டு, திகதியைத் திருத்தி, மின் வந்ததும் இயங்கும் கட்டளையை மீண்டும் எழுதி, ஹாட் டிஸ்க்கை முதலாவதாகத் தொடங்கும்படி வைத்தேன். விடுதியில் வேலை செய்யும் ஒருவரின் மகன், நான் வேலை செய்த நேரமெல்லாம் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருக்கையில் இருந்தான்; முதல் ஆட்டம் அவனுடையதாயிற்று.

பற்றரியை மாற்றிய பின் சிலருக்கு வேறொரு தடை வருவதுண்டு. நீலத் திரை தோன்றி, 7பி என்று முடியும் ஒரு பிழை எண் வந்தால், ஹாட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பயோஸ் தன் இயல்புக்குத் திரும்பும்போது வட்டை அணுகும் முறை ஐடிஈ என்பதிலிருந்து ஏஎச்சிஐ என்று மாறியிருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த முறைக்கான டிரைவர் என்ற சிறு மென்பொருள் தரப்பட்டிராவிட்டால் அது தொடங்காது. பழைய முறையை மீட்டுவைத்தால் போதும்.

இந்தச் சிறிய பற்றரி எங்கள் ஊரில் இவ்வளவு வேகமாக இறப்பதற்குக் காரணம் உண்டு. சுவரில் மின் இருக்கும்வரை மதர்போட் அந்த ஊதா வயரின் மின்னையே குடிக்கும், பற்றரியைத் தொடாது. இயந்திரத்தைச் சுவரோடு நிறுத்தி ஆறு மாதம் பூட்டிவைத்தால் பற்றரி ஒவ்வொரு நாளும் தேய்கிறது. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் இல்லாதிருந்த நாட்களையும் அதற்கு முன் பின் நீண்ட மின்வெட்டுகளையும் கடந்துவந்த பழைய இயந்திரங்களின் பற்றரிகள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனோடு உப்பும் சேர்கிறது. உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும் இயல்புடையது. கடற்காற்றோடு வந்து உலோகத் தொடுகைகளின்மேல் படிந்திருக்கும் உப்பு, மாரிகாலத்துப் பூட்டிய அறையில் மெல்லிய நீர்ப்படலமாகி, இரும்பையும் செம்பையும் அரிக்கிறது. விசிறி சுழன்றும் படம் வராத இயந்திரங்களில் நான் முதலில் பார்ப்பது கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் தகட்டின் பொன்னிறப் பற்களைத்தான். மின்னை நிறுத்தி, தகட்டைக் கழற்றி, பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, காய்ந்த பின் மீண்டும் இறுக்கமாகச் செருகினால், வேறெதுவும் செய்யாமலே உயிர்பெற்ற இயந்திரங்கள் பல. காட்சி அட்டைக்கும் இதே வைத்தியம்தான். மதர்போட்டில் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக் கேட்பதும் நல்லது. அவார்ட் பயோஸ் உள்ள பலவற்றில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் காட்சி அட்டையில்தான் கோளாறு.

பவர் சப்ளையைச் சோதிப்பவர்கள் சிவப்பு வயரில் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும் வோல்ற் நிற்கிறதா என்பதை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் கெட்ட பவர் சப்ளையும் நல்லதுபோலக் காட்டும். ஜப்பானிலிருந்து நேரே வந்த இயந்திரமானால் அது 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டதா என்பதைப் பின்புறத் தகட்டில் வாசித்த பின்னரே எமது 230 வோல்ற்றில் செருக வேண்டும். மதர்போட்டில் செயலியைச் சுற்றி நிற்கும் கெப்பாசிற்றர்கள் என்ற, மின்னைச் சேமிக்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ, அவற்றை மாற்றியே ஆக வேண்டும். 2000களின் முற்பகுதியில் செய்யப்பட்ட மதர்போட்கள் பலவற்றுக்கு இது பிறவி நோய். அதே கொள்ளளவும், குறையாத வோல்ற்றளவும், 105 பாகை செல்சியஸ் வெப்பம் தாங்கும் வகையும் பார்த்து வாங்கி, மறைமுனையை (நெகற்றிவ்) காட்டும் கோட்டைக் கவனித்துப் பற்றாசு பிடித்தால் இயந்திரம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். நகருக்குள் உள்ள விளையாட்டுக் கூடம் ஒன்றில் துப்பாக்கியால் சுடும் இயந்திரம் ஒன்று, தொடங்கும்போது பாதியில் நின்றுவிடுவதாக இருந்தது. உரிமையாளர் அதன் கணினியைக் கழற்றிக் கணினிக் கடை ஒன்றுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்த இளைஞர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஹாட் டிஸ்க்கை முழுவதுமாக அழித்து, புதிதாக விண்டோஸை ஏற்றிக் கொடுத்துவிட்டார். கணினி இப்போது அழகாக இயங்குகிறது. விளையாட்டு இல்லை. யூஎஸ்பி துளையில், விளையாட்டு இயங்க அனுமதி தரும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவி இன்னும் செருகப்பட்டபடியே இருக்கிறது. அது திறக்க வேண்டிய கதவு அழிந்துபோயிற்று. உரிமையாளர் என் முன்னே அந்தச் சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே திருத்த வருபவர் எவரானாலும், ஹாட் டிஸ்க்கில் எதையும் எழுதுமுன், அதனை அப்படியே இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நன்றாக உள்ள பகுதிகளை முதலில் வாசித்து முடித்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர் திரும்பிவரும் அதன் முறை, இறக்கும் தறுவாயில் உள்ள வட்டுக்கு மிகவும் ஏற்றது. சில இயந்திரங்களின் வட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதால் வேறு கணினியில் மாட்டினால் வாசிக்காது. அதைப் பழுது என்று எண்ணி அழித்துவிடக் கூடாது. வேறு சிலவற்றில் பாதுகாப்பு முறை வட்டின் தொடரிலக்கத்தையே பார்க்கும் என்பதால், பிரதி எடுத்த பிறகும் மூல வட்டை எறிந்துவிடாமல் பொலித்தீனில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய தொலைக்காட்சிகளில் இருந்ததுபோன்ற குழாய்த் திரை உள்ள இயந்திரத்தில் திரையின் பின்பகுதி 20,000 வோல்ற்றுக்கு மேல் ஏற்றம் கொள்ளும். மின்னை நிறுத்திய பின்னும் அது அங்கேயே தங்கியிருக்கலாம். பவர் சப்ளையின் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிற்றரில் ஏறத்தாழ 325 வோல்ற் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இவ்விரண்டையும் திறக்கவே கூடாது. பற்றரியும் ரேமும் ஹாட் டிஸ்க்கும் அவற்றிலிருந்து விலகியே இருப்பதால், அந்தளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விடுதி உரிமையாளர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. மாரியில் கதவைப் பூட்டினாலும் வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் இயந்திரத்தை ஓட விடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, கெடும்வரை காத்திராமல், பற்றரியை மாற்றுங்கள். நன்றாக ஓடும் காலத்திலேயே பயோஸ் திரைகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் எடுத்து, அச்சிட்டு, பின்கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளில் கணினி வன்பொருள் கற்பிக்கும் ஆசிரியர்களும், மாணவர்களுக்குப் புதிய பாகத்தை மாற்றக் கற்பிக்குமுன், மீற்றரைப் பிடித்து எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரும் பொறுமையைக் கற்பிக்க வேண்டும்.

மேற்சொன்ன துப்பாக்கி இயந்திரம் இன்னும் அந்தக் கூடத்தின் மூலையில் துணி போர்த்தியபடி நிற்கிறது. அதன் மதர்போட், சாவி, திரை, துப்பாக்கிகள் இரண்டும் பழுதில்லாமல் உள்ளன. விளையாட்டை மீண்டும் ஏற்றுவதற்கென அதனோடு உற்பத்தியாளர் வழங்கிய மீட்பு வட்டு நாட்டின் எந்தப் பகுதியிலாவது யாரிடமாவது இருக்கக்கூடும். இயந்திரத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் என் முகவரியையும் தங்கள் அலுவலகத்துக்குத் தனித்தாளில் இணைத்து அனுப்பியுள்ளேன். அத்தகைய வட்டை வைத்திருக்கும் வாசகர் எவரேனும் தங்களோடு தொடர்புகொண்டால், தயவுசெய்து எனக்கு அறியத் தாருங்கள். போக்குவரத்துச் செலவை நானே ஏற்றுக்கொண்டு நேரில் வந்து பெற்றுக்கொள்வேன்.

இங்ஙனம்,
இலத்திரனியல் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.