ஸ்கேன் படத்தில் அளந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு?

மருத்துவக் கருவிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் கணிதம் நடத்துபவன். போன மாதம் அம்மாவை முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். "இப்பல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும் சார், புது சாஃப்ட்வேர்" என்றார் டெக்னீஷியன். சொன்னபடியே முடிந்தது. அந்தத் தடதட சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருந்த அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது: அளக்காமல் விட்டதையெல்லாம் எதை வைத்து நிரப்பினார்கள்?

எம்.ஆர்.ஐ. கருவி கேமரா மாதிரி படம் பிடிப்பதில்லை. உடலிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையை வரிசை வரிசையாக ஃபூரியர் எண்களாக, அதாவது படத்தில் எந்த அலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் எண்களாகச் சேகரிக்கிறது. அந்த எண்களிலிருந்து படத்தை மீட்பது கணக்கின் வேலை. விளைவைக் கொண்டு மூலத்தைத் தேடுவதால் இதற்குத் தலைகீழ்க் கணக்கு, அதாவது இன்வர்ஸ் பிராப்ளம் என்று பெயர். நாலில் ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் நேரம் கால்வாசி ஆகிவிடும். படத்தில் கண்டுபிடிக்க வேண்டிய புள்ளிகளோ ஒன்றுகூடக் குறையாது.

வகுப்பில் இதைக் காய்கறி பில்லை வைத்துத்தான் சொல்வேன். தக்காளியும் வெங்காயமும் சேர்த்து 100 ரூபாய். தனித்தனியே எவ்வளவு? இருபுறமும் சமமாக 50, 50 என்பது ஒரு வழி. முடிந்தவரை குறைவான பொருள்தான் இருக்கும் என்று நம்பி, தக்காளி மட்டுமே 100 என்பது இன்னொரு வழி. இந்த வீட்டின் ஆயிரம் பழைய பில்களைப் படித்துவிட்டு 40, 60 என்பது மூன்றாவது. பழைய உதாரணங்களிலிருந்து தானே கற்கும் மென்பொருள், அதாவது இயந்திரக் கற்றல் (மெஷின் லேர்னிங்) செய்வது இதைத்தான். மூன்றில் எந்த விடையைக் கூட்டினாலும் 100 வரும். ஆகவே அளவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

சரி, இரண்டாவது பில் கிடைத்தால்? அதே பை, வெங்காயம் மட்டும் நூற்றுக்கு 1 ரூபாய் அதிகம் விற்கும் கடையில் 100.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் 60 என்று விடை கிடைத்துவிடும். ஆனால் பில்லில் 10 பைசா பிசகி 100.70 என்று இருந்தால் வெங்காயம் 70! 10 பைசா பிழை 10 ரூபாயாகிறது. சமிக்ஞையில் இரைச்சல் இருக்கும்போது ஸ்கேனிலும் இதுவே நடக்கும். அதனால்தான் விடையைக் கட்டுக்குள் வைக்க ஏதோ ஒரு முன்நம்பிக்கை தேவைப்படுகிறது. தவறு அதில் இல்லை, அதைச் சொல்லாமல் மறைப்பதில் இருக்கிறது.

குறைவான பொருள் என்ற அந்த இரண்டாவது வழிக்காவது 2006-இல் டேவிட் டொனோஹோ என்ற கணித அறிஞரும், கான்டெஸ், ரோம்பெர்க், டெரன்ஸ் டாவ் என்ற வேறு மூவரும் தந்த தேற்றங்கள் உண்டு. எந்த நிபந்தனையில் விடை சரி என்று அவை சொல்லும். மூன்றாவது வழியில் பழைய படங்களைப் பார்த்துப் பயிற்சி பெற்ற வலைப்பின்னலுக்கு (நியூரல் நெட்வொர்க்) அப்படியொரு உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. 2020-இல் அண்டுன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றம் படத்தையே குலைத்தது. அளவுகளைக் கூட்டியபோது சில வலைப்பின்னல்களின் படம் மோசமானது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். குறைந்த அளவுகளிலிருந்து படத்தை மீட்கும் மென்பொருள்களுக்காக அதே ஆண்டு நடந்த ஃபாஸ்ட்எம்.ஆர்.ஐ. போட்டியில், மூளையில் இல்லாத அமைப்புகளை மென்பொருள் வரைந்திருந்ததைக் கதிரியக்க மருத்துவர்கள் குறித்தார்கள்.

நிறுவனங்கள் உங்களிடம் சராசரிப் பிழையைத்தான் காட்டும். 320க்கு 320 படத்தில் 1,02,400 புள்ளிகள். மூட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிழிசல் 20 புள்ளிகள் என்றால் பத்தாயிரத்துக்கு இரண்டு பங்கு. அது அழிந்துபோனாலும் சராசரி அலுங்காது. தெரிந்தே சிறு கிழிசல்களைப் பதித்து வைத்து, பயிற்சியில் இல்லாத கருவிகளிலும் சோதித்த பிறகே உரிமம் கொடுங்கள்.

அப்புறம் மூல அளவுகள். பெரும்பாலும் படம் மட்டும்தான் சேமிக்கப்படுகிறது, சமிக்ஞை எண்கள் அழிந்துவிடுகின்றன. சந்தேகம் வந்தால் வேறு முறையில் திரும்பக் கணக்கிட வழியே இல்லை. சமையல் முடிந்ததும் ரசீதைக் கிழித்துப் போட்ட கதைதான். குறிப்பிட்ட காலத்துக்காவது அவற்றை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரே அளவுகளுக்குப் பொருந்தும் பல படங்களை எடுத்து, எங்கெங்கே அவை முரண்படுகின்றன என்று வண்ணத்தில் காட்டும் புள்ளியியல் முறைகளும் இருக்கின்றன. அந்த வரைபடமும் மருத்துவரின் திரையில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அசையாமல் படுக்க முடியாத குழந்தைக்கு அது பெரிய உதவி. அம்மாவின் அறிக்கையில் பெயர், வயது, தேதி எல்லாம் இருந்தன. எத்தனை மடங்கு வேகத்தில் எடுத்தார்கள் என்ற எண் மட்டும் இல்லை. முதலில் அந்த ஒரு வரியை அச்சிடச் சொல்லி உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்