ஒப்பரேசனுக்குக் காசு கட்ட முன் வன்னி ஆட்கள் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றிக் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். இரைப்பையை எப்படிச் சிறிதாக்குகிறார்கள் என்று நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் அதைச் செய்துவிட்டுக் கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ திரும்பி வருகிறவரின் நிலைமை பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஓய்வுபெற்ற தாதி. எனக்குத் தெரிந்தே இங்கிருந்து சிலர் கொழும்புக்கும் சென்னைக்கும் போய் வந்திருக்கிறார்கள். கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற அண்ணன் காசு அனுப்புவார், பலாலியில் விமானம் ஏறினால் சென்னை, ஒரு கிழமையில் வந்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் கிழமைக்குப் பிறகு வருகிற காலம் முழுக்க யார் பார்ப்பது என்று யாரும் பேசுவதில்லை. அதைப் பேசாமல் காசு கட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரானவள் இல்லை. கூடின எடையோடு சீனி வருத்தமும் பிரஷரும் நித்திரையில் மூச்சு அடைப்பதுமாகக் கஷ்டப்படுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ அளவு 35 ஐத் தாண்டினால் செய்யலாம் என்பது 2022 இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட பரிந்துரை, அதாவது 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் கிட்டத்தட்ட 90 கிலோ. நீரிழிவு இருந்தால் 30 இலேயே யோசிக்கலாம், ஆசியர்களுக்கு அந்த அளவு இன்னும் குறைவு. கலியாண வீட்டுக்கு மெலிய வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலை இது இல்லை.

எங்கள் ஆட்கள் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார்கள் அல்லது மறந்துவிடுகிறார்கள். 2009 இல் செல் துண்டு பட்டு, மாத்தளனிலோ பிறகு வவுனியாவிலோ வயிற்றைத் திறந்து ஒப்பரேசன் செய்தவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படித் திறந்த வயிற்றுக்குள் குடல் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கலாம், அப்போது கமரா விட்டுச் செய்கிற சின்னத் துளைச் சத்திரசிகிச்சை கடினமாகும், சிலவேளை முடியாமலும் போகும். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ ஸ்கானுக்கு முன் அதுவும் தெரிய வேண்டும். அந்தக் காலத்து ஆஸ்பத்திரித் துண்டுகள் யாரிடமும் இல்லை, எனக்கும் தெரியும். அதனால் தழும்பைக் காட்டி, எந்த வருடம், எங்கே, குடல் வெட்டினார்களா என்று தெரிந்ததை எல்லாம் வாயாலேயே சொல்லுங்கள். "அது பழைய காயம் டொக்டர்" என்று விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சையில் முக்கியமாக இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிச்சம் ஒரு வாழைப்பழம் போல நீளமாக நிற்கும், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இது அதைக் கூட்டலாம், ஆகவே முதலே வாய் வழியாகக் கமரா விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்லுங்கள். பைபாஸில் சின்னதொரு பையை மட்டும் இரைப்பையாக விட்டுக் குடலைத் தூக்கி அதோடு இணைப்பார்கள். இரண்டிலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் மொத்த எடையில் 25 - 30 சதவீதம் குறையலாம், கவனிக்காமல் விட்டால் திரும்ப ஏறவும் ஏறும். விற்றமின், இரும்பு, கல்சியம், பி12 எல்லாம் உயிருள்ளவரை எடுக்க வேண்டும். முதல் வருடம் மூன்று நாலு தடவையும் பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் குருதிப் பரிசோதனை வேண்டும். ஒப்பரேசனுக்குக் காசு தருகிற அண்ணனிடம் இதற்கும் சேர்த்துக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

எனக்கு மிகவும் பயம் தருகிற விஷயம் சத்தி. ஒப்பரேசன் முடிந்து சில கிழமைகளில் ஓயாமல் சத்தி எடுத்தால் உடம்பில் தயமின் என்கிற பி1 விற்றமின் தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் கதை குழம்புவதும் அதன் அடையாளங்கள், நேரத்துக்குப் பார்க்காவிட்டால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரும். எங்கள் ஊரில் சத்தி என்றால் பக்கத்து டிஸ்பென்சரியில் போய் ஒரு சேலைன் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். குளுக்கோஸ் கலந்த சேலைன் என்றால் தயமின் ஊசி போடாமல் அதை ஏற்றக்கூடாது, ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் வாயைத் திறந்தவுடன் "எனக்கு இரைப்பை ஒப்பரேசன் செய்தது" என்று சொல்லுங்கள்.

அடுத்தது நோக் குளிசை. வயல் வேலைக்காரரும், கால் இழந்தவர்களும், உடம்பில் சன்னம் உள்ளவர்களும் டைக்குளோபெனாக், புரூபன் என்று பார்மசியில் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பைபாஸ் செய்தவர் அதைத் தொடக்கூடாது, இணைத்த இடத்தில் புண் வந்து இரத்தம் வடியலாம், ஓட்டையும் விழலாம். பனடோல் எடுக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு ஒப்பரேசன் முடிந்த சில நாட்களிலேயே சீனி இறங்கத் தொடங்கும், பழைய அளவில் இன்சுலினும் குளிசையும் எடுத்தால் மயங்கி விழுவார்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் அளவை மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கோப்பையில் மீனும் முட்டையும் பருப்பும் முதலில், புட்டும் சோறும் கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி பைபாஸ்காரருக்கு நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்ட வைக்கும். சாராயமும் கள்ளும் முன்னையைவிடச் சீக்கிரம் ஏறும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கிற அம்மாமாரே, முதல் வருடம் அது வேண்டாம், முருகன் கோபிக்க மாட்டார். தலைமயிர் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும்.

பெண்கள் முதல் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கர்ப்பம் தரிக்கக்கூடாது. எடை குறையும்போது கர்ப்பம் தங்குவது இலகுவாகிறது, பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது. இதைப் புருசனும் கூட இருக்கிறபோதே கேட்டு வாருங்கள்.

வந்த புதிதில் காய்ச்சல், நாடி வேகம், வயிற்று நோ, இடது தோளில் நோ இருந்தால் தைத்த இடத்தில் கசிவாக இருக்கலாம், கால் வீங்கினால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால், சென்னைக்குக் கடல் தாண்ட வேண்டும். அம்புலன்ஸ் இலக்கம் 1990 இற்கு அடித்துக் கிட்ட இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே உள்ள சத்திரசிகிச்சை வைத்தியர் என்ன செய்யப்பட்டது என்று தெரியாமல் திகைக்கக் கூடாது. நான் பார்த்த ஒருவருக்கு, காசு வாங்கின வைத்தியசாலை அரைப் பக்கக் கடிதம்தான் கொடுத்து அனுப்பியிருந்தது. செய்த சிகிச்சையின் பெயர், குடலை எங்கே இணைத்தார்கள், மாற்றின மருந்துகள், அடுத்த பரிசோதனைத் திகதிகள், நேரே பேசக்கூடிய வைத்தியரின் இலக்கம் இவ்வளவும் உள்ள கடிதம் தருவீர்களா என்று முற்பணம் கட்ட முன் கேளுங்கள். புறப்பட முன் உங்கள் கிளினிக் வைத்தியரிடமும் போய், திரும்பி வந்தால் என்னைப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கிளிநொச்சி